மாருதி ஸ்விஃப்ட்: விஎக்ஸ்ஐ ஓ-வா, இசட்எக்ஸ்ஐ ப்ளஸ்ஸா? கடலூர்ல ஒண்ணு, பாண்டியில ஒண்ணு

எங்க அக்கா பையன் போன வாரம் ஷோரூம் கொட்டேஷன தூக்கிட்டு வந்துட்டான். ஸ்விஃப்ட்டோட அஞ்சு வேரியண்ட், அதாவது விலைக்கு ஏத்த அஞ்சு ரகம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை, முழுக்க டிக்கும் கிராஸும், "மாமா எது எடுக்கறதுன்னே புரியல"ங்கறான். 2024-ல புது ஸ்விஃப்ட் வந்தப்ப நானும் இதே பேப்பர வச்சுக்கிட்டு கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில உக்காந்திருந்தவன்தான். கடைசியில நான் நடு வேரியண்ட் விஎக்ஸ்ஐ ஓ எடுத்தேன், அதே மாசம் பாண்டி வைத்திக்குப்பத்துல இருக்குற என் மச்சான், அதாவது வீட்டுக்காரியோட அண்ணன், "எடுக்கறதே ஒரு தடவ, டாப்பு எடு மாப்ள"ன்னு சொல்லிட்டு அவரு இசட்எக்ஸ்ஐ ப்ளஸ் எடுத்தாரு. பண்டிகை, காதுகுத்துன்னு மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ரெண்டு வண்டியும் மாத்தி மாத்தி ஓட்டுறதால இத எழுதுறேன். நான் எடுத்த வண்டி பக்கம்தான் பேசுவேன், அத முன்னாடியே சொல்லிடறேன்.

ரெண்டுக்கும் பொதுவானத சீக்கிரம் முடிச்சிடலாம். இன்ஜின் ஒண்ணுதான், அதே 1.2 லிட்டர், மூணு சிலிண்டர், சுமார் 82 ஹெச்பி. டாப் மாடல்னா கூட இழுக்கும்னு இன்னும் நம்புறவங்க இருக்காங்க, அதனால சொல்றேன். ஆறு ஏர்பேக், வண்டி வழுக்காம புடிக்குற ஈஎஸ்பி எல்லாம் அடி மாடல் எல்எக்ஸ்ஐ-லயே வந்துடுது, அதனால இந்த வண்டிய பொறுத்தவரைக்கும் "சேஃப்டிக்காக டாப்பு எடுங்க சார்"ங்கற பேச்சு செல்லாது. வேற கம்பெனி வண்டி பாக்குறவங்க மட்டும் இத வேரியண்ட் வாரியா கேட்டுக்கங்க, சிலதுல ஈஎஸ்பி மேல் மாடல்லதான் இருக்கும். இன்னொரு வேடிக்கை, சேல்ஸ் தம்பி ரிவர்ஸ் சென்சார், 80-ஐ தாண்டுனா கத்துற பீப், சீட் பெல்ட் பீப்னு பெருமையா வாசிச்சாப்ல, அதெல்லாம் 2019 ஜூலையிலேர்ந்து எல்லா காருலயும் இருக்கணும்னு அரசாங்கமே போட்ட ரூல். அவங்க குடுக்கற பரிசு இல்ல.

எல்எக்ஸ்ஐ-ல பாட்டு சிஸ்டமே கிடையாது, வெளிய போட்டுக்கணும். விஎக்ஸ்ஐ-ல 7 இன்ச் ஸ்கிரீன், ஃபோன் மேப்பையும் பாட்டையும் ஸ்கிரீன்ல காட்டுற ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஒயர் இல்லாம. ஓ போட்டதுல பட்டன் ஸ்டார்ட்டும் ஸ்மார்ட் கீயும் சேருது. இசட்எக்ஸ்ஐ போனா அலாய் வீல், எல்இடி ஹெட்லைட், ஆட்டோ ஏசி, பின் கண்ணாடி வைப்பர். ப்ளஸ்ல 9 இன்ச் ஸ்கிரீன், ஆக்சிலேட்டர மிதிக்காமலே ஒரே வேகத்துல போக க்ரூஸ் கண்ட்ரோல், ஃபாக் லேம்ப், முகப்ப மெஷின்ல சீவி பாலிஷ் வெட்டுன அலாய். வெளிநாட்டுல சில கம்பெனிக்காரன் லிஸ்ட குடுத்து எது வேணுமோ அத டிக் பண்ணுங்கறானாம், நம்ம ஊர்ல அது பெரும்பாலும் நடக்காது. எனக்கு பின் வைப்பர் மட்டும்தான் ஆசை, ஆனா அதுக்கு அலாயும் சேர்த்துதான் வாங்கணும். பாயசம் மட்டும் வேணும்னாலும் ஃபுல் மீல்ஸ் டோக்கன்தான்.

காசு. 2024 மே மாசம் வந்தப்ப எக்ஸ் ஷோரூம், அதாவது ரோடு டாக்ஸும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, விஎக்ஸ்ஐ ஓ 7,56,500, இசட்எக்ஸ்ஐ ப்ளஸ் 8,99,500, ரெண்டும் கியர் வண்டி. வித்தியாசம் 1,43,000. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சதால இப்ப ரெண்டு விலையும் இறங்கியிருக்கும், புது கொட்டேஷன பாத்துக்கங்க. கணக்கு போடுற விதம் அதேதான். தமிழ்நாட்டுல 5 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் வரைக்கும் ரோடு டாக்ஸ் 13 சதவீதம், அப்ப அந்த 1,43,000-க்கு மேல இன்னொரு 18,590, அதுக்கும் மேல வண்டி மதிப்ப வச்சு போடுற இன்ஷூரன்ஸ், லோன் போட்டா வட்டி. 10 லட்சத்த தாண்டிட்டா டாக்ஸே 18 சதவீதம், அதனால ஒன்பதரை பத்துன்னு நிக்கிற வண்டி பாக்குறவங்க ஒரு வேரியண்ட் ஏறுறதுக்கு முன்னாடி இத கணக்கு போடணும். மச்சானுக்கு பாண்டி டாக்ஸ், கம்மி, அவரு கவலப்படல. உடனே அவரு அட்ரஸ்ல எடுத்து இங்க ஓட்டலாமான்னு யோசிக்காதீங்க, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க மறுபடி ரெஜிஸ்டர் பண்ணணும்.

சரி, இதெல்லாம் பேப்பர் கணக்கு. என் மனச மாத்துனது சக்கரம். என்னோடது 165/80 ஆர்14, அதாவது டயர் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதுல 80 சதவீதம், ரிம்மு 14 இன்ச்; ஸ்டீல் ரிம், மேல பிளாஸ்டிக் கப். மச்சானோடது 185/65 ஆர்15, அலாய். சக்கரத்தோட மொத்த உயரம் பாத்தீங்கன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 62 சென்டிமீட்டர். ரிம்மு பெருசாகுதுன்னா நடுவுல ரப்பர் குறையுதுன்னு அர்த்தம். 165-ல 80 சதவீதம் 132 மில்லிமீட்டர், 185-ல 65 சதவீதம் 120. அந்த 12 மில்லிமீட்டர் ரப்பர்தான் பள்ளத்துல நம்ம ரிம்ம காப்பாத்துறது. ஹைவேயிலயே ஓட்டுறவங்களுக்கு இது பெருசா தெரியாது, அகலமான டயரு வளைவுல நல்லாவே புடிக்குது, அத இல்லன்னு சொல்ல மாட்டேன், முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கம் வரைக்கும் அவரு வண்டி கோடு போட்ட மாதிரி போவும். ஆனா நான் ஓட்டுறது திருப்பாப்புலியூர், முதுநகர், மழை முடிஞ்சு தார் பேந்த தெரு, ராத்திரியில தண்ணி நின்னா பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரை ஏறுச்சே, அதுக்கப்புறம் தென்பெண்ணையில வெள்ளம் வேற, ரெண்டு வாரத்துக்கு ரோடு ரோடாவே இல்ல. அந்த ரெண்டு வாரத்துல ரெண்டு பேருமே பள்ளத்துல விட்டோம். எனக்கு முன் இடது ரிம்மு ஓரம் நசுங்குச்சு, பஞ்சர் கடை அண்ணன் கழட்டி சுத்தியால தட்டி நிமித்தி, "பாலன்ஸ் மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க தம்பி"ன்னு அனுப்பிட்டாரு. மச்சானுக்கு ரிம்முல முடி மாதிரி விரிசல், காத்து ராத்திரி ராத்திரி இறங்குது. அலாய்ல விரிசல்னா வெல்டு வச்சு ஓட்டுறது ரிஸ்க்கு, புதுசு மாத்துறதுதான் சரி, புது அலாய் ஒண்ணுக்கு ஆன செலவுல ஸ்டீல் ரிம்மு ஒரு செட்டே வாங்கிடலாம். வீல் வர்ற வரைக்கும் டிக்கியில இருந்த 14 இன்ச் ஸ்டீல் ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டு, மூணு காலுல ஷூவும் ஒரு காலுல செருப்புமா ஓட்டுனாரு. ஆபீஸ்ல கிண்டல் பண்ணாங்களாம்.

அடுத்தது உப்புக் காத்து. வைத்திக்குப்பத்துல வீட்டு கேட்டே நாலு வருஷத்துல உதிரும். இந்த பாலிஷ் வெட்டுன அலாய்க்கு முகத்துல பெயிண்ட் கிடையாது, மெல்லிசா நிறமில்லாத ஒரு லாக்கர் பூச்சு மட்டும்தான். பிளாட்பாரத்துல ஒரசி அது ஒரு இடத்துல விட்டுச்சுன்னா உப்பு உள்ள போயி வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி கோடு ஓடும். எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் கடற்கரையோரம் இதுதான் கதி. என் ஸ்டீல் ரிம்மு துருப்பிடிக்காதான்னு கேப்பீங்க. பிடிக்குது, நல்லாவே பிடிக்குது. கப்ப கழட்டி ஒயர் பிரஷ் போட்டு தேச்சு கருப்பு பெயிண்ட் அடிச்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போச்சு, அவ்ளோதான்.

ஹெட்லைட்டும் இதே கதைதான். எனக்கு ஆலஜன், பல்பு போனா தெருமுனை எலக்ட்ரீஷியன் மாத்திடுவாரு. எல்இடி சீக்கிரம் போவாது, ஆனா உள்ள தண்ணி புகுந்துடுச்சு, மாடு இடிச்சுடுச்சுன்னா பெரும்பாலும் மொத்த யூனிட்டு. அதே நேரம் வெளிச்சத்துல எல்இடிதான் ராஜா, சிதம்பரம் ரோட்டுல ராத்திரி எதிர்ல பஸ் ஹைபீம் போட்டு வர்றப்ப எனக்கு அவரு வண்டி ஞாபகம்தான் வரும். ராத்திரி ஓட்டம் அதிகம்னா இந்த ஒரு காரணத்துக்காகவே இசட்எக்ஸ்ஐ வரைக்கும் போங்க, ப்ளஸ் தேவயில்ல. 9 இன்ச் ஸ்கிரீன்ல தெரியற அதே மேப்புதான் 7-லயும் தெரியுது. க்ரூஸ் கண்ட்ரோல மச்சான் இதுவரைக்கும் மூணு தடவ போட்டிருக்காரு, மூணும் எனக்குக் காட்டுறதுக்காக.

ரீசேல் பத்தி நான் இன்னும் வித்துப் பாக்கல. பழைய வண்டி வாங்கி விக்கிற தெரிஞ்சவர் ஒருத்தர், நடு வேரியண்டுதான் வந்த உடனே போவுது, டாப்புக்கு குடுத்த அதிகப்படி காசு அப்படியே திரும்பாதுங்கறாரு. அவரு நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட வண்டி வாங்குறவரு, அவரு பேச்ச அந்த அளவுக்கு எடுத்துக்கங்க. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிய ஒரு டெஸ்ட் டிரைவுக்கு மேல நான் ஓட்டுனதில்ல, அதனால அத விட்டுடறேன்.

அக்கா பையனுக்கு நான் சொன்னது விஎக்ஸ்ஐ ஓ. மிச்சப்படுற காசுல இன்ஷூரன்ஸ்ல இன்ஜின் ப்ரொடெக்ட் போடச் சொன்னேன், சாதா பாலிசியில தண்ணி புகுந்து இன்ஜின் போனா கை விரிச்சிடுவாங்க, நம்ம ஊருக்கு அது அலாய விட முக்கியம். அந்த கொட்டேஷன்ல "எசென்ஷியல் கிட்"னு மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், கார் கவர் எல்லாம் கட்டிப் போட்டிருந்தான், அத அடிக்கச் சொல்லிட்டேன், மேட்டும் மட் ஃப்ளாப்பும் மட்டும் போதும். ரிவர்ஸ் கேமரா வெளிய போடுறதா இருந்தா ஒயர வெட்டாம கப்ளர்ல, அதாவது இணைப்பு பிளக்ல, மாட்டச் சொல்லு, வெட்டுனா வாரண்டியில பிரச்சனை பண்ணுவாங்கன்னும் சொன்னேன்.

"பின்னாடி வைப்பர் இல்லாம மழையில என்ன மாமா பண்றீங்க"ன்னு கேட்டான். டிக்கியத் தொறந்து அங்க கெடக்குற பழைய வேட்டித் துணிய காட்டுனேன்.