ஆற விடுவதா, மருந்தில் முக்குவதா, வெட்டுவதா: காயம்பட்ட பவளத்துக்கு மூன்று வழிகள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் ஒரு பவளம் அடிபட்டு, அதன் சதை ஓரிடத்தில் உரிந்து வெள்ளைக் கூடு வெளியே தெரியும்போது, வளர்ப்பவர் முன் பொதுவாக மூன்று வழிகள் நிற்கின்றன. நீரைச் சீராக வைத்துக்கொண்டு பவளத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். அயோடின் போன்ற மருந்துக் கரைசலில் முக்கி எடுக்கலாம். கெட்ட பகுதியை வெட்டி நீக்கிவிட்டு நல்ல பகுதியை மட்டும் காப்பாற்றலாம். மூன்றுக்கும் பிடிவாதமான ஆதரவாளர்கள் உண்டு. மூன்றிலும் பிழைத்த பவளங்களும் மடிந்த பவளங்களும் உண்டு. காயம் நின்றிருக்கிறதா, நகர்ந்துகொண்டிருக்கிறதா என்பதை அளந்து பார்த்துவிட்டால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும் என்பதே என் கருத்து. ஆனால் வெள்ளைக் கூட்டைக் கண்ட பதற்றத்தில் பலரும் அளப்பதற்கு முன்பே மருந்துப் புட்டியைத் திறந்துவிடுகிறார்கள்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பவளம் என்பது பாலிப் எனும், வாயும் உணர்கொம்புகளும் கொண்ட சிற்றுயிர்களால் ஆனது. லோபோஃபிலியா போன்ற பெரிய பாலிப் பவளங்களின் சதைக்கு அடியில், ரம்பப் பல் போன்ற விளிம்புள்ள மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். வெளியே தெரியும் தகடுகள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எண்ணினால் போதும். கிளைவிடும் கற்பவளமான அக்ரோபோராவாக இருந்தால், சதை முடியும் இடம் வரை கிளையில் உள்ள சிறு குழல்களை அடியிலிருந்து எண்ணலாம். எண்ணிக்கை மாறவில்லையென்றால் காயம் நின்றுவிட்டது. சில நாட்களுக்கு ஒன்றிரண்டு கூடுமானால் அது மெதுவான சதையழிவு. கண்ணெதிரே சதை நாடா நாடாவாக உரிந்து நீரோட்டத்தில் ஆடினால் அது விரைவுச் சதையழிவு. அக்ரோபோரா ஒன்று ஒரே நாளில் முழுவதும் வெள்ளைக் கூடாகிவிடக்கூடும். வெளிறுதல் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் சதை இருக்கிறது. அதற்குள் வாழும் நுண்பாசிகள்தாம் வெளியேறியிருக்கின்றன. வெளிறிய பவளத்தை மருந்தில் முக்குவதற்கோ வெட்டுவதற்கோ எந்தக் காரணமும் இல்லை.

முதல் வழியான ஆற விடுதலைச் சோம்பலின் வழி என்று நினைப்பவர்கள், பவளத்தின் காயம் எப்படி மூடுகிறது என்பதைக் கவனித்ததில்லை. புதுச்சதை காயத்தின் நடுவே முளைப்பதில்லை. சுற்றியுள்ள உயிருள்ள விளிம்பிலிருந்துதான் உள்நோக்கி நகர்ந்து வருகிறது. ஆகவே நீளமாகவும் ஒடுக்கமாகவும் கீறிய காயம் எளிதில் மூடிவிடும். அதே பரப்பளவுள்ள வட்டக் காயம் திணறும். மூடும் வேகமும் முதல் சில வாரங்களில்தான் அதிகம். பிறகு குறைந்துகொண்டே போகும். அதற்குள் மூடாத இடத்தில் இழைப்பாசி வேர்விட்டு விளிம்பையே தள்ளத் தொடங்கும். இந்த முதல் வாரங்களில் பவளத்துக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய உதவி நீரின் தன்மையை மாறாமல் வைத்திருப்பதே: வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்புத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில், மெக்னீசியம் 1300 அளவில். எண்களை எட்டுவதைவிட அவற்றில் நிலைத்திருப்பது முக்கியம். காரத்தன்மை 6.5 என்று சோதனையில் தெரிந்தவுடன் ஒரே இரவில் 9க்கு ஏற்றுபவர், ஏற்கெனவே தளர்ந்த பவளத்துக்கு இரண்டாவது அடியைக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது நல்லது. பவளத்துக்குச் சத்தாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்கு இறக்கிவிட வேண்டும் என்ற ஆசையும் இங்கே ஆபத்தானது. பசித்த பவளம் ஆறாது.

என் தொட்டியில் ஒரு கடல் முள்ளெலி இரவில் பாறையைத் தள்ளிவிட்டதில் லோபோஃபிலியா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. காலையில் பார்த்தபோது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதை கிழிந்து, ஏழு தகடுகள் வெளியே தெரிந்தன. அதைத் தூக்கி மணற்பரப்பில், நீரோட்டம் மென்மையாக வரும் நிழற்பக்கத்தில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். நான்காம் நாள் கிழிந்த விளிம்பு, துணியின் மடித்துத் தைத்த ஓரத்தைப் போலத் தடித்து உருண்டிருந்தது. அந்தத் தடிப்புதான் காத்திருக்கலாம் என்பதற்கான அடையாளம். விளிம்பு மெலிந்து, கிழிந்த காகிதம் போல அலையுமானால் காத்திருப்பதில் பொருளில்லை. நீரோட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: அலை மோட்டார் நேராக அடித்தால் கூர்மையான தகடுகளே சதையை மேலும் அறுக்கும், நீர் தேங்கினால் சளியும் கழிவும் காயத்தின் மேல் படிந்து அழுகலுக்கு இடம் கொடுக்கும்.

மருந்துக் குளியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு. தெரிந்த எதிரி ஒன்று இருக்கும்போது அதற்குத் தெளிவான பயன் உண்டு. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுக்களையும் மான்டிபோராவைத் தின்னும் ஓடில்லாச் சிறு கடல் நத்தைகளையும் அது உதிர்த்துவிடும். ஆனால் முட்டைகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை. அவற்றைக் கண்ணால் தேடிச் சுரண்டி எடுத்துவிட்டு, பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு மீண்டும் முக்க வேண்டும். அயோடின் காயத்தின் மேற்பரப்பில் உள்ள பாக்டீரியாவைக் குறைக்கும் என்பதும் உண்மை. எனினும் அது நல்ல சதைக்கும் பகைக் கிருமிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. விழுந்து கிழிந்த பவளத்துக்கு எதிரி எதுவும் இல்லை; அதை வெளியே எடுத்து, கையாண்டு, மருந்தில் முக்கி, திரும்ப வைப்பதில் சதை மேலும் கிழிவதுதான் மிச்சம். முக்கத்தான் வேண்டும் என்றால் தொட்டி நீரையே தனிப் பாத்திரத்தில் எடுத்து, அதே வெப்பநிலையில், புட்டியில் அச்சிட்ட அளவையும் நேரத்தையும் தாண்டாமல் செய்து, வேறொரு பாத்திரத்தில் அலசிய பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் பயன்படுத்துவோர் புளோரிடாவைச் சான்று காட்டுவதுண்டு. 2014இல் மயாமி அருகே தென்பட்டுப் பரவிய கற்பவளச் சதையிழப்பு நோய்க்கு, அமாக்சிசிலின் கலந்த பசையை முக்குளிப்போர் காயத்தின் விளிம்பில் அழுத்திப் பூசினார்கள். பூசிய இடத்தில் நோய் பல முறை நின்றது. அதே பவளத்தின் வேறு இடத்தில் புதுக் காயம் தோன்றுவதை அந்தப் பசை தடுக்கவில்லை என்பதையும், மருந்தைக் கடல்நீரில் கரைக்காமல் விளிம்பில் மட்டுமே வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டுத் தொட்டியில் ஆன்டிபயாட்டிக்கை ஊற்றினால் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து மடியலாம்.

வெட்டுதல் மூன்றிலும் கொடூரமாகத் தோன்றுவது. நகரும் காயத்துக்கு அதைவிட நம்பகமான வழியை நான் கண்டதில்லை. ஆனால் பவளத்தின் உடலமைப்பு இடம்கொடுக்க வேண்டும். யூஃபிலியா என்ற பவளத்தின் கிளைவிடும் வகையில் ஒவ்வொரு தலையும், அதாவது பாலிப்பும், தனிக் கிளையின் நுனியில் இருக்கிறது. கிளைகளுக்கு நடுவே வெற்றுக் கூடுதான், சதைத் தொடர்பு இல்லை. நோயுற்ற தலையைச் சதைக்குக் கீழே, வெற்றுக் கூட்டில் வெட்டினால் மற்ற தலைகளுக்குக் கீறல்கூட விழாது. அதே பேரினத்தில் சுவர்போல நீண்டு வளரும் வகையிலோ சதை ஒரே தொடர்ச்சி. எங்கே வெட்டினாலும் அது புதுக் காயம்தான். ஒற்றை வாயுள்ள சினாரினாவை வெட்டும் எண்ணமே வேண்டாம். அதற்குக் காத்திருத்தல் ஒன்றே வழி. அக்ரோபோராவில் அழிவின் எல்லையை ஒட்டி வெட்டுவது வீண். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் பகுதிக்குள் ஒரு சென்டிமீட்டர் தள்ளியாவது வெட்ட வேண்டும். தோல்பவளங்கள் கத்திக்கு நன்றாக இணங்குபவை. அழுகிய பகுதியை அறுத்தெறிந்தால் மிச்சம் விரைவில் தேறும், தொட்டியில் நீரை வடிகட்டும் கார்பன் (கரி) மட்டும் புதிதாக இருக்க வேண்டும். பவளத்தின் உறவினமான சோவாந்திட்களை வெட்டுவோர் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் மனிதருக்குக் கொடிய நஞ்சு.

ஐந்து தலையுள்ள என் யூஃபிலியாவின் ஒரு தலையில் ஒரு மாலை பழுப்பு நிறக் கூழ் படிந்திருந்தது. பழுப்புக் கூழ் நோய் என்று தெரிந்தும், ஒரு குளியல் கொடுத்துப் பார்ப்போம் என்று அயோடினில் முக்கித் திரும்ப வைத்தேன். விடிந்தபோது பக்கத்தில் இருந்த இரண்டு தலைகளும் கூழாகியிருந்தன. மோட்டார்களை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, மூன்று கிளைகளையும் வெட்டிய பிறகு மிஞ்சிய இரண்டு தலைகள் இன்றும் இருக்கின்றன. முதல் மாலையே வெட்டியிருந்தால் நான்கு மிஞ்சியிருக்கலாம்.

வெட்டுக்கு ஆதரவாகப் புளோரிடாவின் மோட் ஆய்வகத்தில் டேவிட் வான் வளர்த்தெடுத்த நுண்துண்டு முறையைச் சிலர் சொல்வார்கள். மெதுவாக வளரும் பவளங்களைச் சில பாலிப்புகள் மட்டுமே உள்ள துண்டுகளாக அறுத்தால் அவை வழக்கத்தைவிடப் பல மடங்கு விரைவாகப் பரவுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அங்கே அறுக்கப்படுவது திடமான பவளம். நலிந்த பவளத்தை அத்தனை சிறிதாக நறுக்கினால் துண்டுகள் தாங்காது.

எந்த வழியை எடுத்தாலும் உணவு துணை நிற்கும், இனம் பார்த்து. ஹவாயின் மான்டிபோரா கேப்பிடாட்டா வெளிறிய பிறகு மிதவை உயிர்களை உண்பதைப் பெருக்கி, அன்றாட ஆற்றல் தேவை முழுவதையும் ஈடுகட்டியதாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. உடனிருந்த போரைட்டஸ் இனங்கள் அவ்வாறு செய்யவில்லை. பெரிய பாலிப் பவளங்களுக்கு, விளக்கணைந்து உணர்கொம்புகள் நீண்ட பிறகு, மோட்டாரை நிறுத்திவிட்டு, மைசிஸ் இறாலைச் சிறு துண்டாக வாயருகே வைக்கலாம். காயத்தின் மேல் வைக்கக்கூடாது. ஏற்காமல் துப்பினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

அந்த லோபோஃபிலியாவுக்கு மூன்றாம் வாரத்தில் தகடுகளின் மேல் கண்ணாடிபோல் ஒரு படலம் ஏறியது; நிறம் அதற்குப் பின்னரே வந்தது. ஏழில் ஐந்து தகடுகள் மூடிவிட்டன. மற்ற இரண்டின் மேல் சுண்ணப்பாசி ஊதா நிறத்தில் படிந்துவிட்டது. சதையின் விளிம்பு அதை ஒட்டித் தடித்து நிற்கிறது, இப்போதும் எண்ணினால் இரண்டுதான்.