தேங்க்ஸ்கிவிங் சைட் டிஷ் செட்: 7 ஐட்டம்ல 3 அம்மாவால தொடவே முடியல

போன வருஷம் நவம்பர்ல அம்மா கும்பகோணத்துல இருந்து வந்து எங்ககூட நியூ ஜெர்சில இருந்தாங்க. அம்மா சுத்த சைவம், கேக்ல முட்டை இருந்தா மட்டும் கேக்காத மாதிரி சாப்பிட்டுடுவாங்க, அது வேற கதை. தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற அமெரிக்க விருந்துப் பண்டிகை) பக்கத்து வீட்டு அமெரிக்கன் ஃபேமிலி டர்க்கிய, அதாவது வான்கோழிய, அவங்களே பண்ணி எடுத்துட்டு வர்றதா சொல்லிட்டாங்க, சைட்ஸ் எல்லாம் என் தலையில. புதன்கிழமை வரைக்கும் ஆபீஸ் இருக்கு, எங்க நின்னு செய்றதுன்னு ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல சூடு பண்ணி சாப்பிடுற மாதிரி வர்ற சைட் டிஷ் செட் ஆர்டர் பண்ணிட்டேன். கடை பேர் வேண்டாம். 8 பேருக்கு 64 டாலர். மேஷ்டு பொட்டேட்டோ, கிரேவி, ஸ்டஃபிங் (டர்க்கி வயித்துக்குள்ள அடைக்கிற பிரெட் கலவை), கிரீன் பீன் கேசரோல் (கேசரோல்னா எல்லாத்தையும் ட்ரேல கலந்து ஓவன்ல சுடுறது), ஸ்வீட் பொட்டேட்டோ கேசரோல், கிரான்பெரி (புளிக்கிற சின்ன சிவப்புப் பழம்) சாஸ், டின்னர் ரோல்ஸ். போன் பண்ணி இதெல்லாம் வெஜிடேரியனான்னு கேட்டேன், டர்க்கி இல்லாத செட் அது, எல்லாமே வெஜிடேரியன்தான்னு ஒரு பையன் அடிச்சு சொன்னான்.

புதன் சாயங்காலம் பிக்கப் லைன்ல 40 நிமிஷம் நின்னு வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ்ல அடுக்கும்போதுதான் ஸ்டிக்கர படிச்சேன். ஸ்டஃபிங்ல டர்க்கி பிராத், அதாவது டர்க்கிய வேக வெச்ச தண்ணி. கிரேவி, கேக்கவே வேண்டாம், டர்க்கிய ரோஸ்ட் பண்ணும்போது ட்ரேல வடியுற கொழுப்பு ஜூஸ்ல செய்றதுதானே அது. ஸ்வீட் பொட்டேட்டோ மேல மார்ஷ்மெல்லோ, அதுல ஜெலட்டின், அது மிருகத்தோட தோல், எலும்புல இருந்து வர்றதுன்னு அம்மாகிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆக 7-ல 3 போச்சு. அந்தப் பையன் மேல கோவம் இல்ல, இங்க நிறைய பேருக்கு கறித்துண்டு கண்ணுல தெரியலன்னா அது வெஜிடேரியன்தான். ஆனா கடைக்காரங்க லேபிள்லயாவது பெருசா போடலாமே, எறும்பு சைஸ்ல எழுத்து.

அடுத்த கூத்து ஓவன். ஒவ்வொரு டப்பாலயும் ஒவ்வொரு சூடு ஒவ்வொரு நேரம், ஒண்ணுக்கு 350 டிகிரி ஃபாரன்ஹீட் 40 நிமிஷம், இன்னொண்ணுக்கு 375, மூணாவது மைக்ரோவேவ்ல போடுன்னு இருக்கு, என்கிட்ட இருக்குறது ஒரே ஓவன். எல்லாத்தையும் 350-ல தள்ளிட்டேன். மேஷ்டு பொட்டேட்டோ ஓரமெல்லாம் கொதிக்குது, நடுவுல ஸ்பூன விட்டா ஐஸ்.

சரி டேஸ்ட்டுக்கு வரேன். மேஷ்டு பொட்டேட்டோ நல்லாவே இருந்துச்சு, வெண்ணெய் கஞ்சத்தனம் பண்ணல. ரோல்ஸ் சாதாரணம். ஸ்டஃபிங்க எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுட்டு உப்பு கரிக்குதுன்னார். அம்மாவுக்காக நான் காலைல 6 மணிக்கு எந்திரிச்சு தனியா ஒரு சின்ன ட்ரே பண்ணேன், முந்தின நாளே வெட்டி காய வெச்ச பிரெட், வெண்ணெய்ல வதக்கின வெங்காயம், செலரி, கொஞ்சம் சேஜ் இலை, வெஜிடபிள் பிராத், அவ்வளவுதான். பறவை வயித்துக்குள்ள அடைக்காம தனியா ட்ரேல சுட்டா அமெரிக்காவோட சவுத் பக்கம் அதுக்கு டிரெஸ்ஸிங்னு பேரு, நம்ம ஆளுங்களுக்கு அதுதான் சரி. அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு "பிரெட் உப்புமா மாதிரிதான்டி இருக்கு, ஆனா இந்த இலை வாசனை கஷாயம் மாதிரி இருக்கு"ன்னாங்க. சேஜ் பத்தி இதைவிட சரியா யாரும் சொல்ல முடியாது.

கிரீன் பீன் கேசரோல்தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஏன்னா எனக்கு தேங்க்ஸ்கிவிங்னாலே அதுதான், டர்க்கிகூட ரெண்டாவதுதான். இது பிறந்ததே நம்ம நியூ ஜெர்சி கேம்டன்ல, 1955-ல, கேம்ப்பெல்ஸ் சூப் கம்பெனி டெஸ்ட் கிச்சன்ல வேலை பார்த்த டார்கஸ் ரைலிங்கிற அம்மா உருவாக்கினது. யார் வீட்லயும் இருக்குற சாமான வெச்சே பண்ணணுங்கிறதுதான் ஐடியா, அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. அவங்க கையால எழுதின ரெசிபி கார்டு 2002-ல கண்டுபிடிப்பாளர்கள கௌரவிக்கிற நேஷனல் இன்வென்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்கு போச்சு, ஒரு பீன்ஸ் பொரியலுக்கு இந்த மரியாதை நம்ம ஊர்ல கிடைக்குமா சொல்லுங்க. கடைக்காரங்க என்ன பண்ணிட்டாங்கன்னா கடைசில மேல தூவ வேண்டிய பொரிச்ச வெங்காயத்த முதல்லயே உள்ள கலந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டாங்க, அது ஊறி ஊறி சாம்பார்ல போட்ட வடகம் மாதிரி ஆயிடுச்சு. கரண்டில எடுத்தா சத்தமே இல்ல. அந்த மொறுமொறு சத்தம்தானே அந்த டிஷ்ஷே.

நானா பண்ணும்போது கேனுக்கு பின்னாடி இருக்குற அளவுதான், 10.5 அவுன்ஸ் மஷ்ரூம் சூப் ஒரு கேன், அரை கப் பால், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், மிளகுத்தூள், வெந்த பீன்ஸ் 4 கப், டப்பால வர்ற பொரிச்ச வெங்காயத்துல பாதி. 350-ல 25 நிமிஷம். வெளிய எடுத்து ஒரு கிளறு கிளறிட்டு மீதி வெங்காயத்த மேல தூவி இன்னொரு 5 நிமிஷம். அந்தக் கடைசி 5 நிமிஷத்த விட்டுட்டீங்கன்னா செய்யவே வேண்டாம். நான் ரெண்டு பச்சமிளகாய் கீறிப் போடுவேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இது தெரியாது, "உங்களோடது மட்டும் எப்படி இப்படி இருக்கு"ன்னு கேப்பாங்க.

ஸ்வீட் பொட்டேட்டோ மேட்டர ஒரு வரில முடிச்சுடறேன், அது டெசர்ட், யாரோ வழி மாறி மெயின் டேபிள்ல வெச்சுட்டாங்க. அம்மா தூரத்துல இருந்தே பார்த்துட்டு "சக்கரவள்ளிக்கிழங்கே இனிப்பு, அதுக்கு மேல எதுக்குடி இன்னொரு இனிப்பு"ன்னாங்க. பக்கத்து வீட்டுப் பசங்க மட்டும் மார்ஷ்மெல்லோவ உரிச்சு தின்னுட்டு கிழங்க அப்படியே விட்டுட்டாங்க.

கிரான்பெரி சாஸ் செட்ல வந்தது தண்ணியா இருந்துச்சு. அதுக்கு கேன்ல வர்ற ஜெல்லியே மேல், கேன் ஷேப்லயே தட்டுல வந்து நிக்கும், வரி வரியா, சிரிப்பு வரும் ஆனா புளிப்பும் இனிப்பும் சரியா இருக்கும். ஆனா அன்னிக்கு ஜெயிச்சது ரெண்டுமே இல்ல. ஃப்ரிட்ஜ்ல 12 அவுன்ஸ் பச்ச கிரான்பெரி பை ஒண்ணு சும்மா கிடந்துச்சு, அம்மா அதுல ஒண்ண எடுத்து கடிச்சுப் பார்த்து மூஞ்ச சுளிச்சாங்க, அப்புறம் ஒண்ணும் பேசாம வாணலிய அடுப்புல வெச்சாங்க. நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மிளகாத்தூள், வறுத்துப் பொடிச்ச வெந்தயம், கடைசில கொஞ்சம் வெல்லம். ஒவ்வொரு பழமும் பட் பட்னு வெடிச்சு தானாவே கெட்டியாச்சு, அதுல பெக்டின் (பழத்துலயே இருக்குற, கெட்டியாக்குற பொருள்) நிறைய இருக்குறதால வேற எதுவும் சேர்க்க வேண்டியதே இல்ல. பக்கத்து வீட்டு மாமா அந்தத் தொக்க டர்க்கி மேல வெச்சு சாப்பிட்டுட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டே இன்னும் கொஞ்சம்னு தட்ட நீட்டினார், அம்மாவுக்கு ஒரே பெருமை, டர்க்கிக்குப் போகுதேன்னு கொஞ்சம் வருத்தமும்.

மறுநாள் மீந்த மேஷ்டு பொட்டேட்டோவ போண்டா போடலாம்னு ட்ரை பண்ணேன். பண்ணாதீங்க. அதுல இருக்குற வெண்ணெய்க்கும் கிரீமுக்கும் எண்ணெய்ல போட்டதும் விரிஞ்சு கரைஞ்சு போச்சு. கோதுமை மாவோட பிசைஞ்சு சப்பாத்தியா தேய்ச்சா நல்லா வருது.

செட்டுக்கு நான் குடுக்குறது 5-க்கு 2, அதுவும் மேஷ்டு பொட்டேட்டோவுக்காக. வீட்ல எல்லாரும் நான்வெஜ், ரெண்டு ஓவன் இருக்குன்னா 3 குடுக்கலாம். இந்த வருஷம் நான் ஆர்டர் பண்ணல, அக்டோபர் கடைசிலயே கிரான்பெரி நாலு பை வாங்கி ஃப்ரீசர்ல போட்டாச்சு, பக்கத்து வீட்டு மாமா ஏற்கனவே ரெண்டு தடவ கேட்டுட்டார்.