கிளாசிக் படங்களின் பல பதிப்புகளைச் சேர்த்து வைக்க மேக்எம்கேவி எவ்வளவு தூரம் உதவும்?

புதிய 4கே டிஸ்க் கைக்கு வந்ததும் அதே படத்தின் பழைய டிவிடியை யாருக்காவது கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. கிளாசிக் படங்களில் இது பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும். புதியதில் படம் துல்லியமாக இருக்கும், ஆனால் அசல் மோனோ ஒலி இருக்காது. பழையதில் நிறம் தியேட்டர் பிரிண்டுக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் 480 வரிதான். நடுவில் வந்த ப்ளூரேயில் மட்டும் ஒரு நீக்கப்பட்ட காட்சி இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்து அருகருகே ஒப்பிட வேண்டும் என்றால், பெரும்பாலோர் முதலில் போவது மேக்எம்கேவி மென்பொருளிடம். அந்த வேலைக்கு அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிஸ்கில் உள்ள படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் எம்கேவி (படம், ஒலி, சப்டைட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் வடிவம்) கோப்புக்குள் மாற்றி வைக்கும். இதுதான் அதன் பெரிய பலம்: தரம் துளியும் குறையாது. டிவிடிக்கு இலவசம். ப்ளூரேக்குப் பணம் கட்டிச் சாவி வாங்கலாம், அல்லது பீட்டா நிலை நீடிக்கும் வரை தயாரிப்பாளர்கள் வெளியிடும் தற்காலிகச் சாவியைப் போட்டுக்கொள்ளலாம். அது காலாவதியாகும்போதெல்லாம் புதியதைப் போட வேண்டும். சொந்தமாக வாங்கிய டிஸ்கே ஆனாலும் அதன் பூட்டைத் திறப்பது சில நாடுகளில் சட்டப்படி குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நிறுவியவுடன் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச நீளம் 120 விநாடி என்றே அமைப்பு வரும். அதைவிடச் சிறிய எதுவும் பட்டியலில் வராது. பழைய டிஸ்க்குகளில் 60 விநாடி டீசர், தொலைக்காட்சி விளம்பரம், நீக்கப்பட்ட சிறு துண்டு எல்லாம் இந்த வடிகட்டியில்தான் தொலைகின்றன. எண்ணை 5 அல்லது 10 விநாடிக்குக் குறையுங்கள். கூடவே, மொழித் தேர்வு அமைப்பு சில ஒலித்தடங்களையும் சப்டைட்டில்களையும் தானாக விட்டுவிடும். ஒவ்வொரு தலைப்பையும் (பட்டியலில் தனி வரியாக வரும் படத் தொகுப்பு) விரித்து, எல்லாவற்றுக்கும் டிக் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இயக்குநரின் கமென்ட்ரி தடம் வெறும் ஸ்டீரியோ என்ற பெயரில் கடைசியில் ஒளிந்திருக்கும்.

ப்ளூரேயில் இந்த மென்பொருளைப் பெருமளவு நம்பலாம். ஒரே டிஸ்கில் தியேட்டர் பதிப்பும் நீட்டிக்கப்பட்ட பதிப்பும் இருந்தால், இரண்டும் பொதுவான துண்டுகளைப் பங்கிட்டுக்கொள்ளும். வெவ்வேறு பிளேலிஸ்ட்தான் (எந்தத் துண்டு எந்த வரிசையில் ஓட வேண்டும் என்ற பட்டியல்) அவற்றைக் கோத்துத் தரும். மேக்எம்கேவி ஒவ்வொரு தலைப்புக்கும் துண்டுகளின் வரிசையைக் காட்டுவதால், எந்தத் துண்டு எந்தப் பதிப்பில் மட்டும் வருகிறது என்பது எடுத்து வைக்கும் முன்பே தெரிந்துவிடும். நீளம் ஒன்றேபோல் இருக்கும் பல பிளேலிஸ்ட்கள் தெரிந்தால் எச்சரிக்கை: சில டிஸ்க்குகளில் வரிசை கலைந்த போலிப் பிளேலிஸ்ட்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். அப்போது டிஸ்கைக் கணினியில் ப்ளூரே பிளேயர் மென்பொருளில் ஓடவிட்டு, ஓடும் பிளேலிஸ்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனாலும் ப்ளூரேயை நேரடியாக எம்கேவி ஆக்க வேண்டாம். முதலில் பேக்கப் முறையில் டிஸ்கின் முழு அமைப்பையும் மெனுவோடு எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பிரதியிலிருந்து எம்கேவி உருவாக்குங்கள். டிரைவுக்கு வேலை ஒரு தடவைதான். வாசிக்கும்போது ஹாஷ் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று செய்திப் பகுதியில் வந்தால், அந்த இடத்தில் தரவு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்கைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். துடைப்பது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் இருக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தின் நீளவாக்கில் விழும் கீறலைப் பிழைதிருத்தத்தால் சமாளிப்பது கடினம். குறுக்குக் கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

டிவிடியில்தான் குறை தெரிகிறது. அதில் ஹாஷ் சோதனை கிடையாது. எம்கேவியில் மெனு போய்விடும். இன்னொன்று, திருட்டுத் தடுப்புக்காக வைக்கப்பட்ட போலித் துண்டு என்று நினைத்து, தலைப்பின் தொடக்கத்தில் சில செல்களை (டிவிடியில் படம் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு பகுதிகள்) நீக்கியதாகச் செய்தி வரும். பெரும்பாலும் அது சரியான முடிவாகவே இருக்கும். பழைய டிஸ்க்குகளில் மட்டும் ஸ்டுடியோ லோகோ அதோடு போய்விட்டதா என்று முதல் அரை நிமிடத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதனால் டிவிடிக்கு எம்கேவி போதாது. முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகலெடுத்த ஐஎஸ்ஓ பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி போதும். செக்டர் (டிஸ்கில் தரவு பிரிக்கப்பட்டிருக்கும் சிறு அலகு) அளவை 2048 பைட் என்று கொடுங்கள். பூட்டிய டிவிடி என்றால், முதலில் விஎல்சியில் சில விநாடி படத்தை ஓட்டுங்கள். டிரைவ் அங்கீகாரம் பெற்ற பிறகுதான் பூட்டிய செக்டர்களை வாசிக்க விடும். இந்தப் படியை விட்டுவிட்டு, நல்ல டிஸ்கையே கெட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முதல் சுற்றில் நன்றாக உள்ள பகுதிகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டாம் சுற்றில் பிழையுள்ள இடங்களை மறுபடி முயலச் சொல்லுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்பதை மேப் கோப்பு நினைவில் வைத்திருக்கும். அதே கோப்போடு வேறொரு டிரைவில் டிஸ்கைப் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவ் விட்ட செக்டரை இன்னொன்று எளிதாக வாசித்துவிடுவது சாதாரணமாக நடப்பது.

எடுத்தாயிற்று, இனி ஒப்பீடு. தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். ஸ்கிரீன்ஷாட் இரண்டை அருகருகே வைத்து, பழையதில் சிவப்பு மங்கல் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், நிற மேட்ரிக்ஸ் (பதிந்த எண்களை நிறமாக மாற்றும் விதி) சரியா என்று பாருங்கள். டிவிடிக்கு பிடி.601, ப்ளூரேக்கு பிடி.709. மென்பொருள் இதை மாற்றிப் போட்டால் சிவப்பும் பச்சையும் நகரும், அந்தக் குற்றம் டிஸ்க்கின் தலையில் விழும். 4கே டிஸ்கின் எச்டிஆர் (அதிக ஒளி வரம்புள்ள) படத்தை டோன் மேப்பிங் (சாதாரணத் திரைக்கு ஏற்ப ஒளி வரம்பைச் சுருக்குவது) இல்லாமல் எடுத்தால் சாம்பல் பூத்தது போல வெளிறியிருக்கும். எம்பிவி பிளேயர் இவற்றை ஓரளவு தானாகவே சரியாகக் கையாளும். சேமிப்பது பிஎன்ஜியாக இருக்க வேண்டும். ஜேபெக் கிரெயினைத்தான் (ஃபிலிமின் மணல் போன்ற துகள் அமைப்பு) முதலில் தின்னும்.

ஃப்ரேம் பொருந்துவதும் முக்கியம். நடிகரின் கண் இமை பாதி மூடிய கணம், கட் விழும் முதல் ஃப்ரேம் போன்ற ஐயமில்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐ ஃப்ரேமை (முழுதாகச் சேமித்த ஃப்ரேம்) இன்னொரு டிஸ்கின் பி ஃப்ரேமோடு (B, முன்பின் ஃப்ரேம்களிலிருந்து கணித்து உருவாக்கும் ஃப்ரேம்) ஒப்பிட்டால் பி ஃப்ரேம் இருக்கும் டிஸ்க் அநியாயமாகத் தோற்கும். பழைய என்டிஎஸ்சி (அமெரிக்கத் தொலைக்காட்சி முறை) டிவிடியில் சீப்பு போன்ற கோடுகள் தெரிந்தால் டிஇன்டர்லேஸ் செய்யாதீர்கள். அது 24 ஃப்ரேம் படத்தை 29.97க்கு நீட்டிய டெலிசினியின் விளைவு. தலைகீழ் டெலிசினி செய்தால் அசல் ஃப்ரேம் முழுசாகத் திரும்பிவிடும்.

இனி படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வானத்தின் முன்னால் நிற்கும் கறுப்பான ஒன்று: கூரை விளிம்பு, மின்கம்பி. அதை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் செயற்கையாக விளிம்பைக் கூர்மையாக்கியிருக்கிறார்கள். அடுத்து, வெளிச்சம் படும் கன்னம். கிரெயின் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடிக்க வேண்டும். தோல் மெழுகு போல வழுவழுப்பாகி, தலை திரும்பும்போது மட்டும் ஒரு கணம் மங்கினால் அது டிஎன்ஆர் (கிரெயினை டிஜிட்டல் முறையில் துடைத்துவிடுவது). 65 மிமீயில் எடுக்கப்பட்ட பேட்டன் படத்தின் 2008 ப்ளூரே இதற்குப் பேர்போனது. 2012இல் வந்த மறுபதிப்பில் கிரெயினும் தோலின் நுணுக்கமும் திரும்பின. அட்டையில் படத்தின் பெயரும் ப்ளூரே என்பதும் ஒன்றேதான். வாங்கும்போது வெளியான ஆண்டைப் பார்க்காவிட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இயக்குநர் ஒப்புதல் தந்தார் என்ற வரியும் உத்தரவாதம் ஆகாது. த ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன் படத்தின் 2009 ப்ளூரேக்கு இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே நிறத்தை அடியோடு மாற்றினார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2012இல் இயல்பான நிறத்தோடு வேறு ப்ளூரே வந்தது. இரண்டையும் வைத்திருப்பவரிடம்தான் இந்த வரலாறு முழுமையாக இருக்கிறது.

ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்களின் மாற்றப்படாத பதிப்பு 2006 டிவிடியில் கூடுதல் டிஸ்காக வந்தது. அதற்கு எடுத்தது 1993 லேசர்டிஸ்க் (டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டு) மாஸ்டர், அதாவது மூலப் பிரதி, அதுவும் அனமார்ஃபிக் (அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிச் சேமிக்கும் முறை) இல்லாமல். 4:3 சட்டத்துக்குள் 2.35:1 படத்தை வைத்தால், 480 வரியில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272தான். அனமார்ஃபிக்காக இருந்திருந்தால் 363 வரி கிடைத்திருக்கும். தரம் இவ்வளவு குறைவாக இருந்தும் அந்த டிஸ்கைச் சேகரிப்பவர்கள் விடுவதில்லை. உள்ளடக்கத்துக்காகத்தான்.

ஒலியை யாரும் போதுமான அளவு ஒப்பிடுவதில்லை. வெர்டிகோவை 1996இல் மீட்டெடுத்தபோது காலடி ஓசை, கதவுச் சத்தம் போன்றவற்றைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அந்தக் கலவை மட்டும் உள்ள டிஸ்கில் 1958இல் கேட்ட சத்தம் கிடையாது. 5.1 என்று பெரிதாகப் போட்ட டிஸ்கில் அசல் மோனோ தனித் தடமாக இருக்கிறதா என்று மீடியாஇன்ஃபோவில் (கோப்பில் உள்ள தடங்களைக் காட்டும் மென்பொருள்) பார்த்துவிட்டே பழையதைக் கைவிடலாம். சில சமயம் அந்த மோனோ ஒரு பழைய பால் (PAL, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் உள்ள தொலைக்காட்சி முறை) டிவிடியில் மட்டும் இருக்கும். பால் டிவிடி 24 ஃப்ரேம் படத்தை 25ஆக ஓட்டுவதால் இரண்டு மணி நேரப் படம் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியும் சுமார் 0.7 செமிடோன் ஏறும். அந்த ஒலியை விநாடிக்கு 23.976 ஃப்ரேம் ஓடும் ப்ளூரேயோடு சேர்க்க, வேகத்தை 24000/25025 மடங்காகக் குறைக்க வேண்டும். சாக்ஸ் என்ற ஒலி மென்பொருளின் ஸ்பீடு கட்டளை வேகத்தோடு சுருதியையும் இறக்கும், இங்கே வேண்டியது அதுவே. டிவிடி தயாரித்தவர்கள் ஏற்கெனவே சுருதியைச் சரிசெய்திருந்தால் மட்டும் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் டெம்போ கட்டளை. எது என்று தெரிய, நீண்டு ஒலிக்கும் ஒரு இசைச் சுரத்தை இரண்டு டிஸ்கிலும் கேட்டுப் பாருங்கள். பிறகு எம்கேவிடூல்நிக்ஸில் (எம்கேவி கோப்பில் தடங்களைச் சேர்க்கும் மென்பொருள்) தாமதத்தை மில்லிவிநாடியில் கொடுத்துச் சேர்க்கலாம். தொடக்கத்தில் பொருந்தினால் மட்டும் போதாது, நடுவிலும் கடைசி ரீலிலும் உதடசைவைச் சரிபாருங்கள். ரீல் மாறும் இடத்தில் ஓரிரு ஃப்ரேம் குறைந்திருந்தால் அங்கிருந்து எல்லாம் விலகும்.

4கே டிஸ்குக்கு டிரைவ் விஷயத்தில் கவனம் தேவை. லிப்ரிடிரைவ் முறையை (டிரைவின் தடைகளைத் தாண்டி நேரடியாக வாசிப்பது) ஏற்கும் மாடலும் ஃபர்ம்வேரும் (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருள்) மேக்எம்கேவிக்கு வேண்டும். அதே மாடலின் புதிய ஃபர்ம்வேர் தடுத்துவிடக்கூடும் என்பதால், வாங்கும் முன் ஃபர்ம்வேர் பதிப்பைக் கேட்டுவிடுங்கள். 100 ஜிபி மூன்றடுக்கு டிஸ்க்குகளில் அடுக்கு மாறும் இடத்தில் வாசிப்பு நிற்பதும் நடக்கிறது. பெரும்பாலும் துடைத்துவிட்டு மறுபடி போட்டால் நகரும்.

லேசர்டிஸ்குக்கு மேக்எம்கேவியால் எந்தப் பயனும் இல்லை. பிளேயரின் லேசர் சிக்னலை நேரடியாகப் பதியும் டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் வன்பொருளும் எல்டி-டீகோட் மென்பொருளும்தான் வழி.

கடைசியாக, கோப்பின் பெயரில் படம், ஆண்டு, டிஸ்க் வெளியான ஆண்டு, பிராந்தியம், டிஸ்கின் பார்கோடு எண் ஆகியவற்றைச் சேருங்கள். ஐஎஸ்ஓவுக்கும் ப்ளூரே பேக்கப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்து உடன் வையுங்கள். டிவிடிக்கு 8.5 ஜிபி, ப்ளூரேக்கு 50 ஜிபி வரை, 4கேக்கு 100 ஜிபி வரை இடம் கணக்கிடுங்கள். அதை இரண்டாக்குங்கள், இரண்டாவது பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அட்டையையும் உள்ளே வந்த கையேட்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள், மாஸ்டர் பற்றிய குறிப்பு பல தடவை அங்கேதான் அச்சாகியிருக்கும்.