கோத்தகிரியில் அக்காவின் தைராய்டு மாத்திரை

இங்கிலாந்தில் தைராய்டு சுரப்பு குறைந்து மாத்திரை எடுப்பவர்கள் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விலக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மற்ற மருந்துகளும் இலவசம். பல வருடமாக அப்படி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவள் நான். இந்த ஐப்பசியில் கோத்தகிரிக்குப் போனால், அக்காவுக்கும் தைராய்டு. தனியார் கிளினிக் ஒன்றில் 50 மைக்ரோகிராம் எழுதித் தந்திருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்து, "டிஎஸ்ஹெச் குறையவில்லை, 75 போடுங்கள்" என்றும் சொல்லிவிட்டார்கள். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் இது கூடும்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த மருந்து மெதுவாக வேலை செய்வது. உடம்பில் பாதி கழியவே ஏழு நாள் ஆகும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். அக்காவை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

மழையிலும் நல்ல கூட்டம். ஆனால் அங்கிருந்த நர்ஸ் அவசரப்படவில்லை. பிரஷர், எடை பார்த்துக்கொண்டே கேட்டார்: "காலையில எழுந்ததும் முதல்ல என்னக்கா குடிப்பீங்க?"

"டீதாங்க. டீ குடிக்காம எப்படித் தோட்டத்துக்குப் போறது?"

"மாத்திரை எப்பப் போடுவீங்க?"

"டீயோடவே. முட்டி வலிக்குக் குடுத்த கால்சியத்தையும் சேர்த்து முழுங்கிடுவேன்."

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீயோ சாப்பாடோ. கிளினிக்கில் இதை யாரும் கேட்கவே இல்லையாம். கேட்காமலே மருந்தைக் கூட்டச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

டாக்டர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "50-லேயே இருக்கட்டும். முதலில் சாப்பிடும் முறையைச் சரிசெய்வோம்" என்றார். இலை பறிக்க விடிந்ததும் கிளம்புகிறவருக்குக் காலை டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது கஷ்டம் என்பதையும் அவரே சொன்னார். மலையில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும். அதனால் பத்து மணிக்குப் படுக்கும்போது மாத்திரை, மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று மாற்றிக் கொடுத்தார். ராத்திரி போடுவதும் நல்ல வழிதான். நெதர்லாந்தில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும்போது எடுத்தவர்களுக்கு ஹார்மோன் அளவு இன்னும் மேம்பட்டது.

அக்காவுக்கு இன்னொரு கவலை. தைராய்டு வந்தால் முட்டைக்கோஸ் தொடக்கூடாது என்று தெருவே சொல்லியிருக்கிறது. நீலகிரியில் இருந்துகொண்டு கோஸ் இல்லாமலா! வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம், அயோடின் உப்புப் போட்டுச் சமைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னதும் முகம் தெளிந்தது.

டிஎஸ்ஹெச் பரிசோதனைக்கு வெளி லேபுக்குத்தான் போகச் சொன்னார்கள். அங்கே எடுக்கும் ரத்தம் கோயம்புத்தூருக்கு இறங்கி, முடிவு மறுநாள் வருகிறது. கூலி வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் செலவும் அரை நாள் சம்பளமும் பெரிய இழப்பு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. அதே பையில் தைராய்டு மாத்திரையும் வந்தால் எத்தனை பெண்களுக்கு உதவியாக இருக்கும்! வாழ்நாள் முழுக்கத் தினமும் போட வேண்டிய மாத்திரை அது.

மருந்துக்கடைக்காரர் ஒரு நல்ல விஷயம் சொன்னார். இந்த ஈரத்தில் மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாமல், வந்த பாட்டிலிலேயே மூடி இறுக்கி, அடுப்படிக்கு வெளியே வைக்க வேண்டுமாம்.

நான் திரும்பி வந்த பிறகு அக்கா ஆறு வார ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். டிஎஸ்ஹெச் சரியான அளவுக்குள் வந்திருக்கிறது, அதே 50-ல். அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.