கழற்றிப்போடும் ஸ்கூட்டர் ஐந்தடிப் பாதையில் எடுபடுமா?

நான்கு சின்னச் சக்கரம், சுழலும் நாற்காலி, முன்னால் ஒரு கூடை. ஐந்து துண்டாகக் கழற்றிக் கார் பூட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர் செய்து காட்டும் அந்த மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான மின்வண்டி, இப்போது பல பெயர்களில் வருகிறது. ஸ்டிக்கரை உரித்துவிட்டால் உள்ளே ஏறக்குறைய ஒரே சரக்குதான்: 24 வோல்ட் மோட்டார், 12 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இரண்டு, மொத்த எடை 45 முதல் 50 கிலோ, அகலம் 50 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே இந்த மதிப்பீடு எந்தப் பிராண்டுக்கும் இல்லை, இந்த ரகத்துக்கு. மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், யார் காலிலும் ஏறாமல், யார் வாயிலும் விழாமல் இதை ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். ஆனால் பணம் கட்டுமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, கடைமுன் நடைபாதையான ஐந்தடிக்குப் போய் வாருங்கள்.

1822-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு விதித்த கடைமுன் நடைபாதை, பிறகு மலாயாப் பட்டணங்களுக்கெல்லாம் பரவியது. பேருக்கு ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர். அதில் வெங்காய மூட்டை ஒரு பக்கம், பூ கட்டும் மேசை ஒரு பக்கம், யாரோ நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் நடுவில். மிஞ்சுவது 80 சென்டிமீட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். இந்த ரகம் அதில் நுழையும், ஆனால் எதிரே ஆள் வந்தால் ஒருவர் நின்றாக வேண்டும். நிற்க வேண்டியவர் ஸ்கூட்டரில் இருப்பவர்தான். நடந்து வருபவர் ஒதுங்கினால் கால்வாயிலோ சாலையிலோதான் இறங்க முடியும். வண்டியோ விசையை விட்ட இடத்தில் நிற்கும்.

இன்னொரு சிக்கலை எந்த விளம்பரத்தாளும் சொல்லாது. பழைய கடைவரிசையில் ஒவ்வொரு கடையும் தன் இஷ்டத்துக்குத் தரையை உயர்த்தியிருக்கும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே 10, 15 சென்டிமீட்டர் படி. இந்த ரகத்தின் அடிவயிறு தரையிலிருந்து 5 சென்டிமீட்டர்தான். ஐந்தடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் போகலாம் என்று நினைத்து வாங்குபவர் மூன்றாவது கடையில் நின்றுவிடுவார். அதற்காகச் சாலையில் இறங்கி ஓட்டுவதும் சரியில்லை. 2021 டிசம்பரில் அரசிதழில் வந்த சாலைப் போக்குவரத்து விதிகள், காலால் உந்தும் மின் ஸ்கூட்டர்களோடு சேர்த்து, நடக்க முடியாதவர்களுக்கான மோட்டார் துணை வாகனங்களையும் சாலையில் ஓட்டத் தடை செய்கின்றன. பிள்ளைகள் நின்றுகொண்டு ஓட்டும் ஸ்கூட்டருக்கு மட்டும்தான் தடை என்று சில விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் உள்சாலையும் சாலைதான். பட்டணத்தின் பிரதான தெருவோ ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே போகும் கூட்டரசுச் சாலை 1. லாரிக்காரர் கண்ணுக்கு இடுப்புயர வண்டி தெரியாது.

ஆக, இதன் உண்மையான பயன் வேறு: காரில் ஏற்றிப் போய் இறங்கும் இடத்தில் ஓட்டுவது. கிளினிக், பேரங்காடி, கோவில் வளாகம், கல்யாண மண்டபம். அங்கெல்லாம் நல்ல வண்டி. கழற்றும்போது கனமான துண்டு 15 கிலோவுக்கு மேல் வரும். தூக்கப்போவது வீட்டில் யார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஆளுக்கும் இடுப்பு வலி என்றால் வண்டி வீட்டுத் தாழ்வாரத்திலேயே கிடக்கும்.

இனி, விபத்துக்கெல்லாம் தாயான அந்தச் சின்ன விசை. கைப்பிடிக்கடியில் வலது கட்டைவிரலால் தள்ளினால் முன்னே போகும், இடது விரலால் தள்ளினால் பின்னே. விட்டால் மோட்டாரின் மின்காந்த பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பிரேக் என்று தனியாக அழுத்த எதுவும் இல்லை. 30 வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார். பயம் வந்தால் கை இறுகும். மோட்டார் சைக்கிளில் இறுக்கினால் வண்டி நிற்கும், இதில் இறுக்கினால் பாயும். வளையம் போன்ற கைப்பிடி வைத்த மாடலில் நான்கு விரலும் விசை மேலேயே இருப்பதால் ஆபத்து கூடுதல். வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதை நோக்கி மெதுவாகப் போய், "நில்" என்று ஒருவர் சொன்னவுடன் விரலை விரித்துக் காட்டும் பயிற்சியை இருபது தடவையாவது செய்ய வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும். சட்டைக் கை விசையில் பட்டு வண்டி சாய்ந்ததெல்லாம் சாவி திறந்திருந்த நேரத்தில்தான்.

வேகத் திருகில் ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல். (அந்தக் கதையில் யார் ஜெயித்தார்கள் என்று வரைந்தவருக்குத் தெரியும் போல.) முழு வேகம் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர். பிரிட்டனில் நடைபாதையில் 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. வெட்டவெளிக்கு நமக்கும் அதே போதும். கடைக்குள்ளும் ஐந்தடியிலும் திருகு கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. வரிசையில் நிற்கும்போது முன்னாலிருப்பவரின் குதிகாலுக்கும் முன் பம்பருக்கும் இடையே ஒரு வண்டி நீளம் விடுங்கள். அந்த பம்பரின் உயரம் குதிநரம்பின் உயரம். ஒரு தடவை இடித்தால் அந்தக் கடையில் உங்களை மறக்க மாட்டார்கள்.

ஹாரனைப் பற்றி ஒன்று. அது கீச்சென்று கத்தும், முதியவர் திடுக்கிட்டுத் தப்பான பக்கம் திரும்புவார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று "தம்பி, கொஞ்சம் வழி விடுப்பா", "அக்கா, பின்னால வரேன்" என்று வாயால் சொன்னால் போதும். எதிரே இருப்பவர்களும் மரியாதை காட்ட வேண்டும். ஓட்டுபவரிடம் கேட்க வேண்டியதைக் கூட வந்தவரிடம், "அப்பாவுக்குச் சக்கரை போடலாமா?" என்று கேட்பது அவமதிப்பு. பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளி உதவுவது அதைவிட ஆபத்து.

சாய்தளத்துக்கு வருவோம். மலேசியத் தரநிலை எம்எஸ் 1184 பின்பற்றும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம், கோவில் வாசலில் மூன்று படி சேர்ந்து 45 சென்டிமீட்டர் என்றால் 5.4 மீட்டர். பல இடங்களில் போட்டிருப்பது ஒரு பலகை. செங்குத்தான பலகை தரையைத் தொடும் மூலையில், வண்டியின் பின்னால் இருக்கும் கவிழ்தடுப்புச் சிறு சக்கரங்கள் தரையில் குத்திக்கொண்டு ஓட்டும் சக்கரத்தைத் தூக்கிவிடும். டயர் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதற்காக அந்தச் சிறு சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்களும் உண்டு, மல்லாந்து விழுவதற்கு அதைவிடச் சுலபமான வழியில்லை. ஏறும்போது நேராக, உடலை முன்னுக்குச் சாய்த்து ஏற வேண்டும். குறுக்கே ஏறினால் நான்கு சக்கரமும் கவிழும், மூன்று சக்கரம் இன்னும் சீக்கிரம். மழையில் நனைந்த வழவழப்பான ஓட்டில் ஏறவே வேண்டாம்.

பின்பக்கத்தில் மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். தள்ளிச் செல்வதற்காக மோட்டாரைப் பிரித்துவிடும் சாதனம் அது. பிரித்திருக்கும்போது பிரேக்கும் கிடையாது, சரிவில் வைத்து இழுத்தால் வண்டி ஆளோடு ஓடும். அதைத் திரும்பப் போட மறந்தால் விளக்கு மட்டும் மின்னி வண்டி அசையாது. "புது வண்டி செத்துப்போச்சு" என்று கடைக்கு வரும் அழைப்புகளில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

கோவிலில் பிரச்சினை வண்டியல்ல, டயர். தெருவில் உருண்ட சக்கரம் செருப்புக்குச் சமம் என்று நினைப்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. கூடையில் ஓர் ஈரத்துணி வைத்திருங்கள், வாசலில் நாலு டயரையும் துடைத்துவிட்டு, நிர்வாகத்தில் ஒருவரிடம் எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூணோரம் நிறுத்துவது நல்லது, அர்ச்சனைத் தட்டு போகும் வழியில் வேண்டாம். திருவிழாக் கூட்டத்திலும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் இந்த வண்டிக்கு வேலையில்லை. கைப்பிடியில் இரண்டு காய்கறிப் பை தொங்கினாலே திருப்பம் கனத்துப்போகும். பளு கூடைக்குள் போக வேண்டும், கூடை கொள்ளாததைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டரிக்கு வாழ்வும் சாவும் சார்ஜில். ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் அன்றிரவே சார்ஜில் போட வேண்டும், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். பாதி காலியான ஈய அமில பேட்டரியை வாரக்கணக்கில் வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. நமது வெக்கையில் தகரக்கூரைக் கொட்டகையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். பட்டியலில் 15 கிலோமீட்டர் என்றிருந்தால் போக 4, வர 4 என்று கணக்கு வையுங்கள். ஏற்றத்தில் அளவுமுள் சரிந்து சமதரையில் மீண்டும் ஏறும். ஓடும்போது சமதரையில் காட்டுவதுதான் உண்மை, நிற்கும்போது காட்டுவது ஆறுதல்.

தோட்டத்துக்குள் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பால்மரக் காடு வரை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்த ரகத்தில் முடியாது. செம்மண் ஈரமானால் சின்ன டயரில் அப்பிக்கொள்ளும். செம்பனை மட்டையின் முள் காற்றடைத்த டயரைத் துளைக்கும், கெட்டி ரப்பர் டயர் தப்பும், ஆனால் முதுகெலும்பு தப்பாது. அங்கே வேண்டியது 80 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய ரகம். அது ஐந்தடியில் திரும்பாது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், பழம் ஏற்றும் லாரி கண்ணுக்குத் தெரிய ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புக் கொடியும் வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை சில. மாற்றுச் சாவி உண்டா, பேட்டரி இரண்டையும் சேர்த்து மாற்ற என்ன விலை, பழுதானால் ஈப்போவுக்குத் தூக்கி வரச் சொல்வார்களா, வீட்டுக்கு வருவார்களா. ஓட்டப்போகிறவரின் எடையைச் சொல்லி, அவரையே உட்காரவைத்து, கடைவாசல் சாய்தளத்தில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி அட்டை இருப்பவர் சமூக நல இலாகாவில் துணைக்கருவி உதவிக்கும், வேலை விபத்தில் காலிழந்த சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரர் மறுவாழ்வு வசதிக்கும் விண்ணப்பிக்கலாம். வாங்கிவிட்டு ரசீதோடு போவதைவிட, கடையில் விலைப்பட்டியல் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு முதலில் அங்கே போய்க் கேட்பது நல்லது.