விக்டோரியா வெள்ளி ரூபாய்: தராசை நம்புவதா, லூப்பையா, ஸ்லாப்பையா?

பழைய வெள்ளி ரூபாய் கைக்கு வந்தால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அது அசலா? அசல் என்றால் என்ன கிரேடு, அதாவது எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது? இரண்டும் வேறு வேறு கேள்விகள். எடை சரி, வெள்ளி சரி என்று ஒரு சோதனையோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். பணம் போவது அங்கேதான்.

முதலில் தராசு. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட ரூபாயிலிருந்து 1939 வரை கணக்கு ஒன்றுதான்: ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி, சுமார் 30.5 மில்லிமீட்டர் விட்டம். 1940-ல் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசும், விட்டமும் தடிமனும் அளக்க ஒரு காலிப்பரும் இருந்தால் மலிவான போலிகள் உடனே மாட்டிக்கொள்ளும். அதே அளவில் செப்பு-நிக்கல் கலவையில் செய்த காசு 10 கிராம் அளவில்தான் நிற்கும். எடையைக் கூட்ட வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டியாக வேண்டும். காந்தமும் வைத்துப் பாருங்கள், ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். ஜெர்மன் சில்வரும் ஒட்டாது.

எடையைத் தனியாகப் பார்க்காமல் தேய்மானத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் தராசின் உண்மையான பயன். நன்றாகப் புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.4 கிராம் காட்டினால் அது இயல்பு. மகாராணியின் உடைப் பூவேலை கூர்மையாக இருக்கும் காசு அதே 11.4 காட்டினால் சந்தேகப்பட வேண்டும். தேயவே இல்லையே, வெள்ளி எங்கே போனது?

தண்ணீர் சோதனை இதற்கு அடுத்த படி. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் முக்கினால் 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். 11.66-ஐ அதனால் வகுத்தால் 10.3, இந்த வெள்ளிக் கலவையின் அடர்த்தி அதுதான். ஆனால் ஈயமும் தகரமும் தக்க விகிதத்தில் கலந்தாலும் அதே அடர்த்தி வரும். நல்ல வெள்ளியிலேயே அடித்த போலி இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும். போலி என்று சொல்லத் தராசுக்கும் தண்ணீருக்கும் முடியும்; அசல் என்று சொல்ல முடியாது.

உரைகல்லும் அமிலமும் வேண்டவே வேண்டாம். வெள்ளி என்று உறுதியாகும் அந்த நொடியிலேயே காசின் மேற்பரப்பு கெட்டுவிடும். நகைக்கடை எக்ஸ்-ரே கருவி காசைக் காயப்படுத்தாது, அது ஒரு நல்ல விஷயம். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். கனமான வெள்ளிப் பூச்சு இருந்தால் ஏமாறும்.

எனக்கு நம்பிக்கை தருவது லூப்தான், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ். முதலில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அச்சில் அடித்த காசில் எழுத்தின் சுவர் தளத்தைத் தொடும் இடம் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் அது மழுங்கி வழிந்திருக்கும்; தளத்தில் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும், விளிம்பு வரிகளுக்கு நடுவே ஒட்டுக்கோடு ஓடும். அசல் காசிலிருந்து நகல் அச்சு எடுத்துச் செய்யும் போலிகள் இதைவிடத் தந்திரமானவை. அசலில் இருந்த கீறலும் அடியும் அவற்றில் அப்படியே பதிந்துவிடும். ஒரே ஆண்டுக் காசு இரண்டில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டையும் தள்ளி வையுங்கள். எழுத்தையும் படியுங்கள்: 1876 வரை மகாராணி 'குயின்', 1877 முதல் 'எம்ப்ரஸ்'. ஆண்டும் பட்டமும் பொருந்தாவிட்டால் மேலே பார்க்க வேண்டியதே இல்லை.

கிரேடுக்கு வந்தால், முதலில் தேயும் இடங்கள் கன்னம், புருவம், உடைப் பூவேலை. அங்கே விவரம் மங்கியிருப்பதாலேயே தேய்மானம் என்று முடிவு கட்டக் கூடாது. அச்சு சரியாக விழாத காசும் அப்படித்தான் இருக்கும். ஒரே விளக்கின் கீழ் காசை மெல்லச் சுழற்றுங்கள். மங்கிய இடத்திலும் ஒளி ஓடினால் அது பலவீனமான அடி. அங்கே மட்டும் ஒளி செத்துச் சாம்பல் நிறமாக இருந்தால் தேய்மானம்.

அப்புறம் சுத்தம் செய்த காசு. நம் வீடுகளில் வெள்ளி என்றாலே விபூதி, புளி, பற்பசை போட்டுத் தேய்த்துவிடுவார்கள். சுழற்றும்போது ஆரம் ஆரமாக ஓட வேண்டிய ஒளி அதில் ஓடாது. ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் தெரியும், எழுத்து இடுக்கில் மட்டும் கருப்பு தங்கியிருக்கும். மாலையில் கோத்த காசாக இருந்தால் 12 மணி இடத்தில் விளிம்பைப் பாருங்கள். வளையத்தை எடுத்துப் பற்றவைப்பை அரைத்த தடம் விளிம்பு வரிகளை உடைத்திருக்கும். தேய்ந்தாலும் தேய்க்கப்படாத, இயல்பாகக் கறுத்த காசையும், விவரம் அதிகமுள்ள பளபளக் காசையும் ஒன்றாக வைத்தால் நான் கறுத்ததைத்தான் எடுப்பேன். போன மேற்பரப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

சரி, ஸ்லாப்? தரம் பார்க்கும் நிறுவனம் காசை மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டிதான் அது. 1949-ல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோல்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. காசுக்கு கிரேடு போடும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கின. அசல்தானா என்றும் பார்த்து, அந்த அளவுகோலின்படி கிரேடு எண்ணும் போட்டு, பெட்டிக்குள் மூடித் தருவார்கள். சுத்தம் செய்த காசுக்கு எண் கிடைக்காது, 'டீடெயில்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். வாங்கும்போது அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் படியுங்கள். அபூர்வமான 1939 ரூபாய் போன்ற காசுக்கு ஸ்லாப் இல்லாமல் பெரிய தொகை கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டுக்கு அந்தச் செலவு வீண். லூப்பும் தராசும் போதும்.

ஸ்லாப்பிலும் போலி உண்டு, வேறொரு காசின் உண்மையான சான்று எண்ணையே அச்சிட்டு வருகிறது. அதனால் சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். அங்கே படம் இருந்தால், காசிலுள்ள ஒவ்வொரு அடியையும் கறையையும் அதோடு ஒப்பிடுங்கள். படம் இல்லையென்றால் பெட்டி மூடியிருந்தாலும் லூப்பை எடுத்து முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.