சிறகடிக்கும் ராஜாளியா, எனாமல் ராஜாளியா?

ராஜாளியைப் பழக்கி வேட்டையாடும் கலை, அரபு நாடுகள் உள்ளிட்ட பல நாடுகளின் மரபாக 2010-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அந்தப் பறவையைக் கைக்கடிகாரத்தில் கொண்டுவர இரண்டு வழிகள்.

ஆட்டோமேட்டன் (இயந்திரத்தால் அசையும் குட்டி உருவம்) வகையில் பொத்தானை அழுத்தினால் தனிச் சுருள்வில் ஒன்று விடுபடும். கேம்களும் (சுழன்று தள்ளும் வளைவுத் தட்டுகள்) நெம்புகோல்களும் இறக்கையை விரிக்கும், தலையைத் திருப்பும். சில நொடிகள்தான்! ஆனால் தாவும் வேகத்தைவிட, வேட்டைக்காரரின் கையுறையில் அமர்ந்தபடி சிலிர்க்கும் அந்தத் தயக்கத்தைச் செதுக்குவதில்தான் கைவினைஞரின் திறமை தெரியும். அதற்குக் கொடுக்கும் விலை: கடிகாரம் தடிக்கும், பழுதுபார்க்க அதைச் செய்த பட்டறைக்கே போக வேண்டியிருக்கும்.

எனாமல் முகப்பு, உலோகத்தின் மேல் வண்ணக் கண்ணாடிப் பொடியைப் பூசி சுமார் 800 டிகிரி செல்சியஸில் பலமுறை சுடப்படுவது. நிறம் மங்காது, மெலிதாகவும் இருக்கும். அசையாது, அவ்வளவுதான்.

தினமும் கட்ட எனாமல். எனக்கென்னவோ, அசைவதைத்தான் பிடிக்கிறது.